களத்துமேட்டிலிருந்து செம்பனை ஆலைக்கு

கதிரிலிருந்து மணியைப் பிரிப்பது உழவின் பழைய சுமைகளில் ஒன்று. அந்தச் சுமை இயந்திரத்தின் கைக்குப் போன கதையை நாம் பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர்களின் கதையாகவே படித்து வந்திருக்கிறோம்: ஒருவர் யோசித்தார், இன்னொருவர் திருத்தினார், உலகம் ஏற்றுக்கொண்டது. மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அதை ஒட்டிய சிலாங்கூர் கடற்கரையிலும் நடந்ததைப் பார்த்தால் இந்தக் கதை நிற்காது. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய பத்து இருபது ஆண்டுகளில், ஒரே மாநிலத்துக்குள், செம்பனைக் குலையிலிருந்து பழத்தை நீராவியும் இரும்பு உருளையும் பிரித்தன. நெற்கதிரிலிருந்து மணியை மனிதத் தோள் அடித்துப் பிரித்தது. தேங்காய் மட்டையை நட்டுவைத்த பாரையில் குத்திக் கையால் உரித்தார்கள். மூன்றும் ஒரே அரசின் கீழ் நடந்தன. மூன்றும் ஒரே துறைமுகத்தின் பக்கத்தில் நடந்தன. ஒன்றுக்கு மட்டும் இயந்திரம் வந்து மற்ற இரண்டுக்கும் வராமல் போனதற்கு அறிவுக் குறைவு காரணமாக இருக்க முடியாது. வேலை எங்கே கடினமோ அங்கே பிரிக்கும் இயந்திரம் வருவதில்லை. தாமதத்தால் வரும் நட்டம் எங்கே முதலாளியின் கணக்கில் ஏறுகிறதோ அங்கேதான் வருகிறது. அந்த நட்டம் கூலிக்காரரின் உடம்பிலோ குடியானவக் குடும்பத்தின் உழைப்பிலோ கரைந்துபோகிற இடத்தில், இயந்திரம் எத்தனை காலம் முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தாலும், கைதான் வேலை செய்துகொண்டிருக்கும்.

கதிரடிப்பு என்று ஒரே சொல்லால் சொன்னாலும் அதற்குள் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று உதிர்ப்பது, மற்றது தூற்றுவது. காவிரிப் படுகையில் அரிக்கட்டைக் கல்லிலோ பலகையிலோ ஓங்கி அடித்துத் தலையடி நெல்லை எடுப்பார்கள். தாளில் ஒட்டிக்கொண்ட மிச்சத்தை, மாடுகளைப் பிணைத்துச் சுற்றவிட்டுப் போரடித்து உதிர்ப்பார்கள். பிறகு காற்று வரும் வரை காத்திருந்து, முறத்தால் பொலி தூற்றிப் பதரையும் சண்டையும் பிரிப்பார்கள். ஐரோப்பியரும் இந்த இரண்டு வேலைகளுக்கும் தனித்தனியாகத்தான் விடை தேடினார்கள். ஸ்காட்லாந்தின் மைக்கேல் மென்சீஸ் 1730-களில் காப்புரிமை வாங்கிய இயந்திரம், நீர்ச்சக்கரத்தின் விசையில் பல அடிகோல்களை ஒரே நேரத்தில் ஓங்கி இறக்கியது. அதாவது மனிதக் கை செய்ததை அப்படியே இரும்பும் மரமும் செய்து காட்டின. கோல்கள் முறிந்துகொண்டே இருந்ததால் அது நிலைக்கவில்லை. அதே நாட்டின் ஆண்ட்ரூ மீக்கிள் 1786-ல் கையைப் போலச் செய்வதையே விட்டுவிட்டார். வேகமாகச் சுழலும் உருளையில் சட்டங்களைப் பொருத்தி, கதிரை அதற்குள் ஊட்டினார். இன்றைய அறுவடை இயந்திரம் வரை அந்த உருளைதான் தொடர்கிறது. தூற்றுவதற்கோ சீனர்கள் ஹான் அரசர் காலத்திலேயே கைப்பிடி சுற்றும் காற்றுப் பெட்டி செய்துவிட்டார்கள். அக்காலக் கல்லறைகளில் அதன் மண் மாதிரிகள் கிடைத்திருக்கின்றன.

ஆனால் மீக்கிளின் உருளை பரவிய விதத்தைக் கவனிக்க வேண்டும். நெப்போலியன் போர்க் காலத்தில் ஆட்கள் படைக்குப் போனார்கள், கூலி ஏறியது, இயந்திரம் பிரிட்டனில் வேகமாகப் பரவியது. அதிலும் சுரங்கமும் ஆலையும் ஆட்களை இழுத்துக்கொண்ட வடபகுதியில்தான் அது முதலில் வேரூன்றியது. 1815-க்குப் பிறகு படையினர் ஊர் திரும்ப, தென்பகுதிக் கிராமங்களில் வேலையில்லாதோர் பெருகினார்கள். குளிர்காலம் முழுவதும் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய ஒரே வேலை கதிரடிப்பு. அதையும் இயந்திரம் எடுத்துக்கொண்டபோது, 1830 ஆகஸ்டு 28-ம் தேதி இரவு கென்ட் மாவட்டத்தின் லோயர் ஹார்ட்ரஸ் என்னும் ஊரில் முதல் இயந்திரம் உடைக்கப்பட்டது. அடுத்த சில மாதங்களில் தென் இங்கிலாந்து முழுவதும் அது தொற்றிக்கொண்டது. வடக்கிலும் தெற்கிலும் இருந்தது ஒரே இயந்திரம்தான். ஓரிடத்தில் அது வரவேற்கப்பட்டதற்கும் இன்னோரிடத்தில் உடைக்கப்பட்டதற்கும் காரணம் அதன் பொறியமைப்பில் இல்லை.

இனி கிள்ளானுக்கு வருவோம். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றின் புக்கிட் கூடா வரை 1886-ல் ரயில் ஓடத் தொடங்கியது. 1901-ல் போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. ஈயமும் பிறகு ரப்பரும் அந்தப் பாதையில் கடலுக்கு இறங்கின. எதிர்த்திசையில் அரிசி மூட்டைகள் ஏறின. போருக்கு முந்திய மலாயா தான் உண்ட அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கியது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வேகிய சோறும், கிள்ளான் தோட்டத்து லயங்களில் வேகிய சோறும் பெரும்பாலும் ஐராவதிப் படுகையில் போரடிக்கப்பட்ட நெல்லுக்கு உரியவை. அந்தப் படுகையில் பயிர்க்கடன் கொடுத்தவர்களில் முதன்மையானவர்கள் செட்டிநாட்டு நகரத்தார்கள். 1930-களின் முடிவில், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் கடனுக்கு ஈடாக அவர்கள் கைக்கு வந்திருந்தது. தமிழ்த் தொழிலாளி மலாயாவில் ரப்பர் பால் வெட்ட, தமிழ் மூலதனம் பர்மாவில் அவருக்கு நெல் விளைவித்தது. கிள்ளான் பள்ளத்தாக்கின் களத்துமேடு இப்படித்தான் அந்தமான் கடலுக்கு அப்பால் போய் உட்கார்ந்துகொண்டது. உள்ளூரில் நெல்லடிக்கும் இயந்திரத்தைத் திருத்த யாருக்கும் அவசரம் இல்லாமல் போனதன் முதல் காரணம் இது.

அவசரம் இடையில் தலைகாட்டாமல் இல்லை. முதல் உலகப் போரின் முடிவில் அரிசி வரத்து குறைந்து விலை ஏறியபோது, தோட்டங்கள் உணவுப் பயிர் செய்ய வேண்டும் என்று 1918-ல் சட்டமே வந்தது. விலை இறங்கியதும் அந்த அக்கறையும் இறங்கியது. 1930-களின் மந்தம் மறுபடி பயமுறுத்தவே, 1932-ல் வடிகால் நீர்ப்பாசன இலாகா தனித் துறையாகத் தொடங்கப்பட்டது. கோலசிலாங்கூருக்கு வடக்கே சதுப்புக் காட்டை வெட்டி தஞ்சோங் காராங் நெல்வயல்களை உருவாக்கினார்கள். இன்று செகிஞ்சானையும் சேர்த்து ஏறக்குறைய 20,000 ஹெக்டேர் பரப்புள்ள நெல் பகுதி அது. வாய்க்காலுக்கும் மதகுக்கும் பணம் இருந்தது. கதிரடிக்க வந்தது ஒரு மரத்தொட்டி. அதன் உள்ளே சாய்வாக ஓர் ஏணிச் சட்டம். மணி சிதறாமலிருக்க மூன்று பக்கமும் சாக்கோ பாயோ கட்டிய மறைப்பு. ஓர் ஆள் அரிக்கட்டை இரு கையாலும் தலைக்கு மேல் தூக்கி ஏணியில் அடிப்பார், உதறுவார், திருப்பி மறுபடி அடிப்பார். தொட்டியைச் சேற்றில் இழுத்துக்கொண்டே அறுப்பவர்களின் பின்னால் போவார்கள். மென்சீஸ் தன் இயந்திரத்தை ஓட்டி இருநூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த அலட்சியத்தின் விலை 1942-ல் தெரிந்தது. ஜப்பானியர் ஆட்சியில் பர்மா அரிசி வரத்து அற்றுப்போனது. தைவானிலிருந்து குறுகிய கால நெல் ரகங்களைக் கொண்டுவந்து இருபோகம் விளைவிக்க ஜப்பானியர் முயன்றார்கள். அது பள்ளத்தாக்கின் பசிக்கு எட்டவில்லை. ரப்பர் விற்பனையில்லாமல் கிடந்த தோட்டங்களில் மரவள்ளிக் கிழங்கே சோறானது. உலகச் சந்தைக்குப் பொருள் பிரித்துத் தர நவீன ஆலைகள் இருந்த ஒரு பகுதி, தன் சொந்தச் சோற்றுக்கான களத்தை வைத்திருக்கவில்லை.    

செம்பனைக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. பிரெஞ்சுக்காரர் ஹென்ரி பொக்கோனியே 1917-ல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை நட்டார். குலையை வெட்டிய நிமிடத்திலிருந்து ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அடிபட்ட பழத்திலுள்ள நொதி எண்ணெயைச் சிதைக்க, கொழுப்பமிலம் மணிக்கு மணி ஏறும். அமிலம் கூடிய எண்ணெய் சோப்புக்கும் மெழுகுவத்திக்கும் போகும். குறைந்த எண்ணெய்தான் மார்ஜரினுக்கும் சமையலுக்கும் நல்ல விலைக்குப் போகும். இன்றும் கச்சா எண்ணெய் வணிகத்தில் 5 விழுக்காடுதான் வழக்கமான எல்லை. ஆகவே ஆலையில் குலையை முதலில் நீராவியில் அவிக்கிறார்கள். ஏறக்குறைய மூன்று மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வெந்தால் நொதி செத்துவிடும், பழத்தின் காம்பும் தளர்ந்துவிடும். அடுத்து வருவதுதான் கதிரடிப்பு. பழைய ஆலைகளில், சுழலும் இரும்புக் கைகள் குலையைத் தூக்கித் தூக்கித் தட்டின. அந்த வகை மெல்ல விடைபெற, சட்டங்களால் ஆன பெரிய உருளை இடத்தைப் பிடித்தது. சுமார் இரண்டு மீட்டர் விட்டமுள்ள அந்த உருளை நிமிடத்துக்கு 20 முதல் 25 முறை சுற்றுகிறது. பத்து இருபது கிலோ எடையுள்ள குலை அதன் சுவரோடு ஒட்டி மேலேறி, உச்சியை நெருங்கும்போது பிடி விட்டுத் தடாலென்று கீழே விழுகிறது. விழும் அதிர்ச்சியில் பழம் உதிர்கிறது. வேகம் கொஞ்சம் கூடினால் குலை சுவரைவிட்டு இறங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்தால் அடியிலேயே உருண்டு கிடக்கும். உதிர்ந்த ஆயிரக்கணக்கான பழங்கள் சட்டங்களின் இடைவெளியில் கீழே கொட்ட, வெறுங்குலை மறுமுனையில் வெளியேறும். சரியாக வேகாத குலை பழத்தோடு வெளியே வந்தால் மறுபடி அவிக்க அனுப்ப வேண்டும். மாடு மிதித்துத் திரும்பும் தாளைப் புரட்டிப் போட்டு மறுபடி மிதிக்கவிடும் களத்து வேலைதான் அது.

தூற்றலும் அங்கே உண்டு. பிழிந்த சக்கையில் நாரும் கொட்டையும் கலந்திருக்கும். உயரமான கூண்டில் கீழிருந்து காற்றை இழுத்து நாரை மேலே பறக்கவிட்டால் கொட்டை கீழே தங்கும். கொட்டையை உடைத்த பிறகு ஓட்டையும் பருப்பையும் பிரிக்கக் களிமண் கரைத்த நீரைப் பயன்படுத்தினார்கள். நீரின் அடர்த்தியைப் பருப்பின் அடர்த்திக்கும் ஓட்டின் அடர்த்திக்கும் நடுவே நிறுத்தினால் பருப்பு மிதக்கும், ஓடு தாழும். உப்புக் கரைசலில் முட்டையை மிதக்கவிட்டு அளவு பார்த்து, விதைநெல்லைப் போட்டுக் கருக்காயை ஒதுக்கும் உழவர் முறையும் இதே அறிவில்தான் நிற்கிறது. தானியத்துக்கு உலகம் பல நூற்றாண்டுகளில் சேர்த்த பிரிப்பு அறிவு முழுவதும், உருளையிலிருந்து காற்றுப் பெட்டி வரை, சிலாங்கூரில் செம்பனைக்குப் போய்ச் சேர்ந்தது. பக்கத்து நெல்வயலுக்கு வரவில்லை.

இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும்: செம்பனைப் பழம் கெடும், நெல் கெடாது, இயந்திரத்தைக் கொண்டுவந்தது பழத்தின் இயல்பு, முதலாளியின் கணக்கு அல்ல. மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அதே பழம்தான் மேற்கு ஆப்பிரிக்காவிலும் விளைந்தது. அங்கே குலையைக் கோடரியால் பிளந்து, இலை மூடிச் சில நாட்கள் குவித்து வைத்து, காம்பு தளர்ந்ததும் பெண்கள் கையால் பழம் ஆய்ந்தார்கள். அமிலம் ஏறியது, விலை இறங்கியது, அந்த நட்டத்தை ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சிறுசிறு துளியாகத் தாங்கிக்கொண்டன. அதே பழம் ஒரே கம்பெனியின் சொத்தாகி, நட்டம் ஒரே கணக்கேட்டில் சேர்ந்தபோதுதான் நீராவிக் கலனும் உருளையும் எழுந்தன. தேங்காய் இதை இன்னும் தெளிவாகக் காட்டும். கிள்ளான், கோலசிலாங்கூர் கடற்கரைத் தென்னந்தோப்புகளில் உரிக்கும் வேலை செம்பனை ஆலை வேலையைவிட எளிதன்று. இடுப்பும் மணிக்கட்டும் நாள் முழுவதும் முறுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு கவனப்பிசகு போதும், பாரை கையில் ஏறும். முற்றிய காயோ வாரக்கணக்கில் கிடந்தாலும் கொப்பரைக்கு ஆகும். தாமதத்தால் தோட்டத்துக்கு நட்டமில்லை. அதனால் உரித்த காய்க்கு இவ்வளவு என்று கூலி பேசி மனிதக் கையிடமே விட்டுவிட்டார்கள்.

அந்தக் கை எவ்வளவு மலிவாக வைக்கப்பட்டிருந்தது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களின் நாட்கூலி 50, 60 காசு அளவில் நின்றது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும், கொடுமை செய்யும் மேலாட்களை நீக்க வேண்டும், வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் கட்டாயம் போக வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். தலைவர் ஆர். எச். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டுப் பிறகு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். சைக்கிளில் உட்கார்ந்து போகும் உரிமைக்கே உயிரைக் கொடுக்க வேண்டியிருந்த இடத்தில், உடம்பு நோகாமல் வேலை செய்ய ஒரு கருவி வேண்டும் என்று யார் கேட்டிருக்க முடியும்? இயந்திர வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தொழிற்சங்க வரலாறு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டும் ஒரே வரலாறு என்பதுதான் நான் கண்டது.

இரண்டாவது மறுப்பு நெல்லைப் பற்றியது. சதுப்பு வயல் கனமான இயந்திரத்தைத் தாங்காது என்றும், மலாய் உழவர் பழமையை விடமாட்டார் என்றும் காலனி அதிகாரிகள் காலம் காலமாகச் சொன்னார்கள். நெல்லின் உயிர் அஞ்சாமலிருக்க உள்ளங்கையில் மறைத்த துவாய் என்னும் சிறு கத்தியால் கதிர் கதிராக அறுக்கும் வழக்கத்தை அதற்குச் சான்றாகக் காட்டினார்கள். சேற்றைப் பற்றிய பேச்சுக்கு ஜப்பான் பதில் சொல்லிவிட்டது. 1910-களில் அங்கே பரவிய கால்மிதி இயந்திரம், கம்பி வளையங்கள் பதித்த ஒரு சிறு மர உருளைதான். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வரப்பில் நடக்கலாம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஜப்பானிய நெல் கதிரை விடாமல் பற்றிக்கொள்ளும் இனம், மலாயாவின் நெல் எளிதில் உதிரும் இனம். நாலு அடியில் உதிர்கிற நெல்லுக்கு மிதி இயந்திரத்தால் மிச்சமாகும் உழைப்பு குறைவு. இது உண்மையான தொழில்நுட்பக் காரணம், இதை என் வாதம் விழுங்கிவிட முடியாது. ஆனாலும் உதிரும் நெல்லுக்கு வேறொரு நட்டம் இருக்கிறது: அறுக்க ஆள் கிடைக்காமல் நாள் தள்ளினால் மணி வயலிலேயே கொட்டிப்போகும். ஒருபோகக் காலத்தில் அந்த நட்டத்தைக் குடும்பமும் ஊரும் கைமாற்று வேலையால் சமாளித்தன. அடுத்த பயிர் வாசலில் நிற்காதவரை நாலு நாள் முன்பின் ஆனால் குடி முழுகாது.

பழமை பற்றிய குற்றச்சாட்டுக்குக் கெடாவின் மூடா சமவெளி பதில் சொன்னது. அங்கே 1970-ல் இருபோகப் பாசனம் தொடங்கியது. ஒரு பயிரின் அறுவடை அடுத்த பயிரின் நடவோடு மோதியது, ஆள் தட்டுப்பாடு வந்தது, கூலி ஏறியது. தாமதம் இப்போது நிலக்காரரின் பையைத் தொட்டது. ஜேம்ஸ் ஸ்காட் அங்கே ஒரு கிராமத்தில் தங்கி ஆராய்ந்து 1985-ல் நூலாக வெளியிட்டார். அவர் தரும் கணக்குப்படி, 1975-ல் மூடாவின் நெல் ஏறக்குறைய முழுவதும் கையால் அறுத்துக் கையால் அடிக்கப்பட்டது. 1980-ல் ஏறக்குறைய 80 விழுக்காட்டை அறுவடை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. ஒவ்வோர் இயந்திரமும் அன்றைய விலையில் இரண்டு லட்சம் ரிங்கிட்டை நெருங்கியது. துவாய்க் கத்தியை விடமாட்டார்கள் என்று சொல்லப்பட்ட மக்கள் ஐந்தே ஆண்டில் மாறினார்கள். பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதே பத்தாண்டில் வடிவமைத்த சிறு கதிரடி இயந்திரம் பக்கத்து நாடுகளில் பரவியது. அப்படியொரு இடைப்படி மூடாவில் பெரிதாக நிலைக்கவே இல்லை. தொட்டியிலிருந்து நேரே ராட்சத இயந்திரத்துக்குத் தாவினார்கள்.

அந்தத் தாவலில் விழுந்தவர்களைப் பற்றிப் பேசாமல் இந்த வரலாறு நேர்மையாக இருக்காது. களம் என்பது நெல்லைப் பிரிக்கும் இடம் மட்டுமன்று, பங்கு பிரிக்கும் இடமும்கூட. தஞ்சைக் களத்தில் அறுத்தவர் கூலி, காவல்காரர் பங்கு, தச்சர் கொல்லர் பங்கு எல்லாம் பொலி அளக்கும்போதே மரக்காலில் விழும். மூடாவில் கூலியோடு, கதிரடித்த ஏழைக்கு நிலக்காரர் தன் விருப்பப்படி கொடுக்கும் ஜகாத் நெல் உண்டு. இயந்திரம் வந்ததும் அடிப்பவர் போனார், அவரோடு அந்த ஜகாத்தும் போனது. நாற்று நடும் பெண்கள், இயந்திரத்தால் அறுத்தவர்களின் வயலில் நடமாட்டோம் என்று ஒதுங்கிப் பார்த்தார்கள். இரவில் இயந்திரங்களின் எரிபொருள் தொட்டியில் மணலும் சேறும் போடப்பட்டன; மின்கலங்கள் வாய்க்காலில் கிடந்தன. 1830-ன் கென்ட் மாவட்டத்தை ஸ்காட் நினைவுகூர்ந்தது பொருத்தமே. இரண்டு இடத்திலும் மக்கள் வெறுத்தது இரும்பையன்று. களத்திலிருந்து தங்கள் பெயர் அடிக்கப்பட்டதை வெறுத்தார்கள்.

இந்த வாதத்துக்கு இறுதிச் சோதனை செம்பனைத் தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆலைக்குள் உருளையும் காற்றுக்கூண்டும் நூறு ஆண்டுகளாகத் திருந்திக்கொண்டே வருகின்றன. பாங்கியில் 1979-ல் தொடங்கிய செம்பனை எண்ணெய் ஆராய்ச்சிக் கழகமும், 2000-ல் அதை உள்ளடக்கி அமைந்த மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியமும் அதற்கு உழைத்தன. ஆலை வாசலுக்கு வெளியே நிலைமை வேறு. குலை இன்னும் உளியாலும், நீண்ட கழியில் கட்டிய அரிவாளாலும்தான் விழுகிறது. விழும்போது சிதறும் உதிரிப்பழத்தை இன்னும் குனிந்து கையால்தான் பொறுக்குகிறார்கள். அந்தப் பழத்தில்தான் எண்ணெய் மிகுதி, அமிலம் ஏறும் ஆபத்தும் மிகுதி. முதலில் தமிழ்ப் பெண்கள் பொறுக்கினார்கள்; அவர்கள் தோட்டத்தை விட்டு வெளியேறியபோது இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் அதே சாக்கோடு அதே வரிசையில் இறங்கினார்கள். பொறுக்கும் கருவிகளும் இயந்திர அரிவாளும் செய்யப்படாமல் இல்லை. வாரியமே சந்தாஸ் என்ற இயந்திர அரிவாளை வெளியிட்டது. மலிவான கை தொடர்ந்து கிடைத்தவரை அவை ஓரத்திலேயே நின்றன. 2020-ல் கொரோனாவால் எல்லைகள் மூடப்பட்டு, ஆளில்லாமல் குலை மரத்திலேயே அழுகியபோது நட்டம் கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் ஏறியது. அதற்குப் பிறகுதான் அரசும் பெருந்தோட்ட நிறுவனங்களும் சேர்ந்து பணம் போட்டு, வெட்டுவதற்கும் பொறுக்குவதற்கும் இயந்திரம் தேட மார்கோப் என்ற கூட்டமைப்பை உருவாக்கின.